முகுந்தனின் இடம்

முகுந்தனைப் பள்ளிக்குத் தேர்ந்தெடுத்தவள் சுந்தரவல்லிதான். அதனால்தான் பின்னால் நடந்தது அவளை அப்படி உலுக்கிவிட்டது.

டில்லியில் மோதி பாக் பக்கத்தில், மாதா கோவிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளி அது. வாசல் பலகையில் நீளமான பெயர் ஒன்று இருந்தது; அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது வெறும் சர்ச் ஸ்கூல். சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த குமாஸ்தாக்கள் தங்கள் குழந்தைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால் பாதி ஆயுசு கரையேறிவிட்டதாக நினைத்தார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் கேஜி வகுப்பில் நாற்பது இடம். முதலில் அந்த மாதா கோவில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குழந்தைகள். அடுத்து, ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் தம்பி தங்கைகள். மிஞ்சிய சொற்ப இடங்களுக்காக, ஸ்வெட்டரும் குல்லாயுமாகக் குழந்தைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஜனவரிக் குளிரில் அப்பா அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் பெனடிக்டா மங்களூர்க்காரர். ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது அவர். பக்கத்தில் கேஜி டீச்சராக உட்கார்ந்து குழந்தையைக் கவனிப்பது சுந்தரவல்லி. மதுரைக்காரி, கல்யாணமாகி டில்லிக்கு வந்தவள், ஜனக்புரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருபவள். குழந்தை சொல்லும் பதிலை அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் தெரியாமல் சும்மா இருக்கிற நேரத்தில் அது என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பாள்.

அன்று சிஸ்டர் ஒரு பசுவின் படத்தைக் காட்டி, இது என்ன சாப்பிடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை வந்த குழந்தைகள் எல்லாம் வீட்டில் உருப்போட்டு வந்தபடி 'கிராஸ்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. முகுந்தன் படத்தை உற்றுப் பார்த்தான்.

"பேப்பர்," என்றான். "எங்க ப்ளாக்ல புல் இல்லை. பேப்பர்தான் திங்கும்."

பாதி ஆங்கிலம், பாதி இந்தி. சிஸ்டர் சிரித்துவிட்டார். அதற்குள் அவன் சுந்தரவல்லி பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினான். "நீங்க மதராஸியா மிஸ்? ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுண்டிருக்கேளே."

பின்னால் நின்ற அவன் அப்பா பூவராகவனுக்கு வேர்த்துவிட்டது. ஏதோ ஒரு அமைச்சகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, ஒல்லி, கக்கத்தில் பை. பையன் காரியத்தைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்திருப்பார் போல. ஆனாலும் போகும்போது, "இவனுக்கு ஒரு தம்பி இருக்கான் மேடம். இவன் இங்கே படிச்சா அவனுக்கும் சீட் உண்டோல்லியோ?" என்று கேட்டார். சுந்தரவல்லி அதை மொழிபெயர்த்தாள்; உண்டு, அது எங்கள் விதி என்றார் சிஸ்டர்.

அவர்கள் போனபின் சிஸ்டர் தயங்கினார். வாய் அதிகம், வகுப்பைக் கலைப்பான் என்றார். கடைசி இடத்துக்கு இன்னொரு பையனும் இருந்தான். சுந்தரவல்லி வழக்கமாக வாதாடுகிறவள் அல்ல. அன்று வாதாடினாள்.

ஏப்ரலில் பள்ளி திறந்தது. முதல் நாள் கேஜி வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியிலும் பஞ்சாபியிலும் மலையாளத்திலும் அம்மாவைக் கேட்டுக் கதறல். அந்தக் களேபரத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தவனின் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் முகுந்தன் என்று இருந்தது. சுந்தரவல்லிக்கு ஒரே சந்தோஷம்.

"என்னப்பா, உங்க ப்ளாக் பசு சௌக்கியமா?" என்றாள் குனிந்து.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எந்தப் பசு என்று அவனுக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் மூன்று மாதத்தில் மாறும். அதே அகன்ற நெற்றி, அதே நெருக்கமான புருவம். ஆள் மட்டும் சிறுத்தாற்போல் இருந்தான். குளிரில் இரண்டு ஸ்வெட்டரோடு பார்த்தோம், அதனால் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அத்தனை வாயாடி எப்படி ஊமையானான் என்பதற்கு மட்டும் சமாதானம் அகப்படவில்லை.

பள்ளியின் பாடத்திட்டம் சிஸ்டர் வகுத்தது. காலையில் ஆங்கிலத்தில் ஜெபம். இந்துக் குழந்தைகளும் சொல்ல வேண்டும், அர்த்தம் பிற்பாடு தானே வரும் என்பது அவர் கட்சி. பிறகு பாட்டு, மணி கோத்து எண்ணுவது, ஸ்லேட்டில் எழுத்து. வெள்ளிக்கிழமை ஒழுக்க பாடம். முகுந்தன் எதையும் மறுக்கவில்லை. சொன்னதைச் செய்தான், கோத்தான், அழித்தான். ஆனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். இரண்டாம் தடவை கூப்பிட்டால் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விடுவான். விட்டுவிட்டு, யார் வருகிறார்கள் என்று பார்ப்பான்.

சுந்தரவல்லி இதைப் பலமுறை கண்டாள். ஏதோ ஒரு பழக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்தவர் பொருளை எடுக்கலாமா என்பது பாடம். ஒரு பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது ஷீலாவோடது. நான் எடுத்துக்கலாமா?" என்று இந்தியில் கேட்டாள். "நோ மிஸ்!" என்று வகுப்பே அலறியது. ரப்பர்? நோ மிஸ்! டிபன் டப்பா? நோ மிஸ்! குழந்தைகளுக்கு அலறுவதில் அலாதி குஷி. பாடம் முடிந்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். இவன் மட்டும் வந்து அவள் புடவைத் தலைப்பைத் தொட்டான்.

"நான் எடுக்கலை மிஸ்," என்றான் தமிழில். "அப்பாதான் குடுத்தார்."

"என்னத்தைப்பா?"

"பையா பேரை."

டில்லிக் குழந்தை. அண்ணனைப் பையா என்றே கூப்பிட்டுப் பழகியவன். சுந்தரவல்லி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன் பேரு என்ன?"

"இப்பவா, முன்னாடியா?"

"முன்னாடி."

"சாரங்கன்."

"அப்போ பையா எங்கே?"

"ஊருக்குப் போயிருக்கான். அவன் வந்து கேட்டா குடுத்துடுவேன் மிஸ். ப்ராமிஸ்."

அன்று மாலை பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. முதலில் வந்தது கோபம். கெட்டிக்காரப் பிள்ளையைக் காட்டி இடத்தை வாங்கிக்கொண்டு, வயசுகூட நிரம்பாத சின்னவனை அனுப்பியிருக்கிறார்கள். பெரியவனை இதைவிட நல்ல இடத்தில் எங்கோ சேர்த்திருப்பார்கள். நான் வாதாடியது யாருக்காக? இவர்களுடைய தந்திரத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தமிழ்க்காரன் என்று நம்பினேனே என்று வேறு ஒரு வலி. சிஸ்டரிடம் அவள் சொல்லவில்லை. முதலில் அந்த மனிதரிடமே கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், அவள் சொல்லியனுப்பியதன்பேரில், பூவராகவன் ஆபீசில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தார். குழந்தைகள் போய்விட்ட வகுப்பறையில், சின்ன நாற்காலிகளுக்கு நடுவே நின்றார். உட்காருங்கள் என்றதற்கு உட்காரவில்லை.

"சார், தினம் நீங்க அனுப்பறது யாரை?"

"எங்க பையனைத்தான் மிஸ்."

"எந்தப் பையன்?"

அவர் கரும்பலகையைப் பார்த்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும் சார். பெரியவனைக் காட்டி சீட்டு வாங்கிட்டு சின்னவனை உள்ளே தள்ளியிருக்கீங்க. நல்லா இருக்கு உங்க வித்தை! கவர்மெண்டு ஆபீஸ்ல இதெல்லாம் சொல்லித் தராங்களோ? பெரியவனை எங்கே சேர்த்திருக்கீங்க, இதைவிடப் பெரிய கான்வென்ட்லயா?"

"பெரியவன் இல்லை மிஸ்."

"இல்லைன்னா?"

"மார்ச்ல போயிட்டான்."

"எங்கே?" என்று கேட்டுவிட்டாள் அவள். கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே மைதானத்தில் தோட்டக்காரன் குழாயைத் திறந்துவிட்டிருந்தான். தண்ணீர் காய்ந்த மண்ணில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூளைக்காய்ச்சல்னு டாக்டர் சொன்னார்," என்றார் பூவராகவன். "சாயங்காலம் மார்க்கெட்டுல ஓடி விளையாடிண்டிருந்தான். விடியறதுக்குள்ள நினைவு போயிடுத்து. மறுநாள் எல்லாம் முடிஞ்சுது."

சுந்தரவல்லிக்கு ஜனவரி நினைவு வந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டுக்கொண்டிருக்கிறீர்களே என்று கேட்ட அந்த வாய்.

"எனக்குத் தெரியாது சார். நான் என்னமோ பேசிட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவேள், பாவம்." அவர் பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். பிறகு, ஆபீசில் ஒரு விஷயத்தை மேலதிகாரிக்கு விளக்குகிற தொனியில் பேச ஆரம்பித்தார். "மிஸ், நான் பார்க்கறது கணக்கு. ஒரு தொகையை சாங்ஷன் பண்ணிட்டா மார்ச் முடியறதுக்குள்ள எடுத்துடணும். இல்லேன்னா லாப்ஸ். திரும்பிக் கேட்டாக் கிடைக்காது. அவன் சீட்டு சாங்ஷன் ஆயிடுத்து. பணமும் கட்டியாச்சு. அப்புறம்... எங்க செக்ஷன்ல ஒரு பியூன், பெரியண்ணன்னு பேரு, சர்வீஸ்ல இருக்கறச்சே போயிட்டார். அவர் வேலையை அவர் பிள்ளைக்குக் குடுத்தா. நானேதான் நோட் எழுதினேன். குடும்பம் தெருவுக்கு வந்துடக்கூடாதுன்னு சர்க்கார்லயே அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. அதை யாரும் தப்புன்னு சொல்றதில்லையே?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விளையாட்டாகப் பேசவில்லை. பித்துப்பிடித்தும் பேசவில்லை. இருபது வருஷம் கோப்புகளுக்குள் வாழ்ந்த மனுஷர், பிள்ளை செத்த அன்று கைக்கு அகப்பட்ட ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"சிஸ்டர்கிட்டே வந்து சொல்லியிருக்கலாமே சார்."

"கேட்டா என்ன எழுதுவா? வருந்துகிறோம்னு எழுதுவா. அண்ணன் படிச்சாத்தானே தம்பிக்கு சீட்? அண்ணனே இல்லையே. வயசும் கொஞ்சம் குறையறது. கேட்கறவாளுக்கு எப்பவுமே இல்லைன்னுதான் பதில் வரும் மிஸ். எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்."

"உங்க வீட்ல அவங்களுக்கு இது தெரியுமா?"

அப்போதுதான் அவர் குரல் தடுமாறிற்று. "பள்ளிக்கூடத்துல பையன் உளறிடக்கூடாதேன்னு, ஆத்துலயும் முகுந்தான்னே கூப்பிடுவோம்னு நான்தான் சொன்னேன். கொஞ்ச நாளைக்குப் பழக்கம் வரட்டும்னு. என் ஆத்துக்காரி ருக்மிணி அதைப் பிடிச்சுண்டுட்டா மிஸ். இப்போ விடமாட்டேங்கறா. நான் மறந்துபோய்ப் பழைய பேரைச் சொல்லிட்டா அன்னிக்கு அவ சாப்பிடறதில்லை."

அவர் போன பிறகும் சுந்தரவல்லி அந்த அறையிலேயே இருந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். தினமும் பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே தண்ணீர்ப் புட்டியோடு நிற்பவள், யாரோடும் பேசாதவள், பையனைக் கண்டதும் "வா முகுந்தா, வா" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கூப்பிடுபவள். எத்தனை ஆசையான அம்மா என்று அவள் நினைத்ததுண்டு. ஒரு பிள்ளை செத்துப்போனான். இன்னொரு பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறான். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டவள் அந்த மாதம் முழுக்க சுந்தரவல்லி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் கழுத்திலிருந்த சிலுவையைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்தும் கையை எடுக்கவில்லை.

"நம்மிடம் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா சிஸ்டர்?"

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவில் மணி அடித்தது. மாலைப் பூசைக்கு அவர் போக வேண்டிய நேரம். போகவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட இருவரும் எழவில்லை.

"அந்தப் பையன் இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஃபாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அவன் அவனாக இருக்கட்டும். அவர்கள் இருவரையும் வரச்சொல்."

மறுநாள் பள்ளி விட்டபின் அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் சிஸ்டரின் அறைக்கு வந்தார்கள். ருக்மிணி பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ஆங்கிலத்தில் சொன்னதைச் சுந்தரவல்லி தமிழில் சொன்னாள்.

"உங்க பையன் இங்கேயே படிக்கலாம்னு சொல்றாங்க. வயசு குறைஞ்சது பரவாயில்லையாம். முகுந்தன்கிற பேரை எடுத்துட்டு, சாரங்கன்னு இவன் பேரையே எழுதிடுவாங்க. இன்னொரு இன்டர்வியூகூட வேண்டாம்."

பூவராகவன் கை கூப்பினார். கண் நிறைந்துவிட்டது. "தேங்க்யூ மேடம். தேங்க்யூ. சீட்டு போகலையே, அது போதும்."

"வேண்டாம்," என்றாள் ருக்மிணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பேரை எடுக்க வேண்டாம். அப்படி எடுக்கறதா இருந்தா எங்களுக்கு இந்த ஸ்கூலே வேண்டாம்."

"ருக்கு, சும்மா இரு. அவாளா குடுக்கறா—"

"நீங்க பேசாதேங்கோ." அவள் குரல் உயரவில்லை. சுந்தரவல்லியைப் பார்த்துத்தான் பேசினாள். "மிஸ், நான் காலம்பற முகுந்தா எழுந்திருன்னு கூப்பிடறேன். ஒருத்தன் எழுந்துக்கறான். முகுந்தா சாப்பிட வாங்கறேன். ஒருத்தன் வந்து உட்கார்றான். நீங்களும் இங்கே தினம் கூப்பிடறேள். ஒருத்தன் இருக்கான். சாரங்கனுக்கு என்ன குறைச்சல்? கை இருக்கு, கால் இருக்கு, என் கண் முன்னாடி ஓடிண்டிருக்கான். அந்தக் குழந்தைக்கு மிச்சம் இருக்கறது பேர் ஒண்ணுதானே? அதையும் அடிச்சுடச் சொல்றேளா?"

இதை அப்பாவின் பிடிவாதம் என்றுதான் சுந்தரவல்லி நினைத்திருந்தாள். அது வெறும் வாசல்தான் போலிருக்கிறது. உள்ளே இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் சிஸ்டர்.

சுந்தரவல்லி மொழிபெயர்க்கவில்லை. சிஸ்டர் மறுபடி கேட்கவும் இல்லை. பூவராகவன் மனைவியைப் பார்த்தபடி, ஏதோ அவளை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல நின்றார்.

பையன்தான் பேசினான். அம்மாவின் பிடியிலிருந்த கையை உருவாமல், மற்றக் கையால் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"அம்மா, பையா ஊர்லேருந்து வந்துட்டா அவன்தானே முகுந்தன்?"

அவள் தலையசைத்தாள்.

"அப்போ நான் யாரு?"

ருக்மிணி, கேட்டது புரியாதவள்போலப் புருஷனைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சுந்தரவல்லியைப் பார்த்தாள். சுந்தரவல்லி அவள் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. ஆனால் உதவிக்கும் வரவில்லை. இதற்கு வேறு யாரும் பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லும்மா. நான் எங்கே போணும்? நானும் ஊருக்குப் போயிடணுமா?"

"ஐயோ!" என்றாள் ருக்மிணி. சூட்டைத் தொட்டுவிட்டவளின் குரல். அப்படியே சிமெண்ட் தரையில் சரிந்து உட்கார்ந்து அவனை இழுத்து இறுக்கிக்கொண்டாள். "நீ எங்கேயும் போகக்கூடாது. நீ போகப்படாதுடா."

"பையா வந்துட்டா?"

"அவன் வரமாட்டான்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பையனின் நெற்றியில் ஒட்டியிருந்த தலைமயிரை ஒதுக்கி, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை நாளாகப் பார்க்காத முகத்தைப் பார்ப்பதுபோல, அங்குலம் அங்குலமாக.

"அவன் வரமாட்டான், சாரங்கா," என்றாள்.

"ஏன்?"

ருக்மிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனைத் தன் மடியில் சரியாக இருத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு நாம எல்லாருமா சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஷூ வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கோ? வரச்சே பஸ்ல அவனுக்கு உடம்பு சுட்டுதே..."

பூவராகவனும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுந்தரவல்லி சிஸ்டரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் ஓசைப்படாமல் தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

"சம்மதித்துவிட்டார்களா?" என்றார் சிஸ்டர் தணிந்த குரலில்.

சுந்தரவல்லி கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே அந்தக் குரல் நிற்காமல் தொடர்ந்தது. நடுநடுவே குழந்தை ஏதோ கேட்டது. ஒவ்வொரு தடவையும் அம்மா, சாரங்கா என்று கூப்பிட்டுவிட்டுப் பதில் சொன்னாள்.